டிரையர் சுற்றும் நேரம்

"வீணைன்னா இவளுக்கு உயிரும்மா. எழுதிக்கோங்க."

கேள்வி அவளிடம்தான் கேட்கப்பட்டது. பதில் சொன்னது அவள் கணவர் சபாபதி.

வாரப் பத்திரிகையிலிருந்து வந்திருந்த ரெஹானா எழுதிக்கொண்டாள். எழுத்தாளர்களுக்கு அன்றாட வாழ்வில் என்னென்ன பிடிக்கும் என்று ஒரு பக்கம் போடுகிறார்களாம். இந்த வாரம் நாவலாசிரியர் மங்கையர்க்கரசி.

அவளைப் புது மேசையின் முன் உட்காரவைத்திருந்தார் சபாபதி. தேக்கு. அவளுக்கு விருது அறிவித்த கையோடு வாங்கிப் போட்டது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. கட்டியிருந்த பட்டுப்புடவையும் அவர் எடுத்து வைத்ததுதான். மேசையில் ஒரு பேனா இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். மை தொடாத நிப்.

"விடியக்காலைல எந்திரிச்சு, குளிச்சு, விளக்கேத்திட்டுத்தான் எழுத உக்காருவா" என்றார்.

இல்லை.

குளிக்காமல்தான் எழுதுவாள். தலைகூட வாரியிருக்க மாட்டாள்.

"அப்புறம் துளசி வாசம். மழை."

மழை என்றால் அவளுக்கு எரிச்சல். துணி காயாது.

சபாபதி கெட்டவர் இல்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு விருது என்றதும் தெருவில் ஒரு வீடு விடாமல் இனிப்பு கொடுத்துவிட்டு வந்தார். அவள் எழுதிய நான்கு நாவல்களில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. ஆனால் எழுத்தாளர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ரெஹானா நிமிர்ந்தாள்.

"மேடம், நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்."

நீங்களும்.

அந்த 'உம்' எங்கோ போய்ச் சுட்டது.

"வீணைய அடிச்சிடும்மா. நான் வீணை கேட்டதே இல்ல."

சபாபதி சிரித்தார். "வெளையாடறா."

"துளசியையும் அடிச்சிடு. எனக்குப் பெட்ரோல் வாசனைதான் பிடிக்கும். பங்க்ல வண்டி நிக்கிறப்ப மூச்சை நல்லா இழுத்துக்குவேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற டவுன் பஸ்ல இஞ்சின் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கும் பாரு, அது பிடிக்கும். சூடு தாங்காம யாரும் உக்கார மாட்டாங்க. மீன் மார்க்கெட்டுல சண்டை நடந்தா ரொம்பப் பிடிக்கும். முழுசாக் கேட்டுட்டுத்தான் நகருவேன்."

"மங்கை." அவர் குரல் இறங்கியது. "இது அச்சுல வரப்போகுது."

"வரட்டும்."

எழுந்தாள். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. கண்ணாடி அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாம்மா என்கூட."

சமையலறையைத் தாண்டித் துணி துவைக்கிற இடம். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். ஒரு பழைய வாஷிங் மெஷின். அதற்கும் சுவருக்கும் நடுவே பிளாஸ்டிக் முக்காலி.

"நான் எழுதறது இங்கதான்."

"இங்கயா மேடம்?"

காலையில் அலசிய துணிகள் தொட்டியிலேயே கிடந்தன. அள்ளி டிரையரில் போட்டு மூடினாள். குமிழைத் திருகினாள்.

மெஷின் உறுமியது. பிறகு நின்ற இடத்திலேயே குதிக்கத் தொடங்கியது. ஜன்னல் கம்பிகள் கூடச் சேர்ந்து அதிர்ந்தன.

முக்காலியில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை ஈரத்தில் பட்டது. இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்தச் சத்தம்தான்!" கத்த வேண்டியிருந்தது. "எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்! இது ஓடுதுன்னா யாரு கூப்பிட்டாலும் கேக்காது! துவைச்ச துணியையே மறுபடி போட்டு ஓட்டியிருக்கேன்!"

மாமியார் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளை கூப்பிட்டிருக்கிறான். அவர் கூப்பிட்டிருக்கிறார். அம்மா துணி துவைக்கிறாள் என்று விட்டுவிடுவார்கள். மடியில் அட்டை, அதன் மேல் காகிதம். டிரையர் நின்றுபோனால் வலது கை எழுதிக்கொண்டிருக்க, இடது கை போய்க் குமிழைத் திருகும்.

நான்கு நாவல்களும் அப்படி வந்தவைதான்.

ரெஹானா கேமராவை எடுத்தாள்.

சபாபதி வாசற்படியில் நின்று ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. மறுபடி சொன்னார். பிறகு கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

மெஷின் முனகி, ஆடி, நின்றது.

"மானத்த வாங்காத மங்கை. உனக்குன்னு ஒரு ரூமே போட்டுக் குடுத்திருக்கேன்."

"நாலும் எழுதி முடிச்சப்புறம் குடுத்தீங்க."

அவர் கை சுவிட்சிலிருந்து இறங்கியது.

அவள் எழுந்து மூடியைத் திறந்தாள். பாதி பிழிந்த துணிகள். பக்கெட்டில் அள்ளிப் போட்டாள். அவருடைய வேட்டி, பனியன், தன் நைட்டி, தலையணை உறைகள். பக்கெட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"மாடில காயப் போட்டுட்டு வாங்க. நாங்க பேசிட்டிருக்கோம்."

அவர் பக்கெட்டைப் பார்த்தார். ரெஹானாவைப் பார்த்தார். வெளியாள் முன்னால் மறுத்தால் நன்றாயிருக்காது. வேட்டி நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

படியேறும் சத்தம் கேட்டது. மெதுவாக.

ரெஹானா முதலில் எழுதியதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"வேற என்ன மேடம் பிடிக்கும்?"

"கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி. சமையல்காரங்க, பரிமாறினவங்க எல்லாம் அப்பதான் உக்காருவாங்க. அதுவரைக்கும் வாயத் திறக்காதவங்க, அந்த எலைக்கு முன்னாடி..."

"மங்கை!" மாடியிலிருந்து குரல். "கிளிப்பு எங்க இருக்கு?"

தெளிவாகக் கேட்டது.

ரெஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"மங்கை!"

"...அந்த எலைக்கு முன்னாடி உக்காந்தாத்தான் பேசுவாங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "எழுதிக்கோம்மா."