குழிக்குக் காப்பிச் சக்கை

"அவரை இன்னிக்கே குழியில போட்டு மூடிடறேன்க்கா. மேல காப்பிச் சக்கையத் தூவிட்டா, அந்த வாடைக்கு நாய் வந்து தோண்டாது."

தோட்டத்தில் மனைவி போனில் பேசியது ஜன்னல் வழியே கேட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டதா? கையில் அவள் கலந்து வைத்த காப்பி. பாதி குடித்திருந்தான்.

கப்போடு வெளியே ஓடினான். "யாரைடி மூடப் போற?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். "அவரை விதைங்க! ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

போன உயிர் திரும்பி வந்தது. மீதிக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தான்.

"எப்படி இருக்கு? நுரை நல்லா வந்திருந்துச்சேன்னு என் கப்பை உங்களுக்கு மாத்தி வெச்சேன்."

சற்று முன் அவள் கப்பில் விஷம் கலந்தவன், குழியோரத்தில் அப்படியே உட்கார்ந்தான்.