ரஞ்சனாவுக்கு ஒரு ஜோடி

ஜாதவ்பூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்றதும் கல்பனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ரஞ்சனா, இதாவது அமையணும்டி. முந்தினதுதான் வேலை கிடைச்சதும் உன்னை அம்போன்னு விட்டுட்டு டில்லிக்குப் போயாச்சு.”

“உயரம் பொருந்தினாப் போதுமாம்மா? கோபக்காரங்கன்னா எனக்கு ஒத்துவராது.”

“விசாரிச்சிட்டேன். ரொம்பப் பொறுமையாம்.”

அழைப்பு மணி அடித்தது. ரஞ்சனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தன் அப்பாவோடு வந்திருந்த மௌமிதா, தோளில் பேட்மின்டன் மட்டைப் பையுடன் சிரித்தாள்.

“அடுத்த மாசம் தேசியப் போட்டி. நீ பின்னாலிருந்து ஓங்கி அடி, வலைகிட்ட வர்றதை நான் பார்த்துக்கறேன்” என்று வங்காள மொழியில் படபடத்தாள்.

இரட்டையர் ஆட்டத்துக்குத் துணை கிடைத்த குஷியில் ரஞ்சனா ஷூவை மாட்டினாள்.

“ஒரு வாய் காபியாவது...” என்றாள் கல்பனா.

அதற்குள் இரண்டு பெண்களும் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.