புது மருமகள் ஊற்றிய தண்ணீர்

குறிஞ்சிப்பாடியில் பஞ்சநாதத்தின் நர்சரியில் முந்திரிக் கன்றுகள் வேரழுகிச் செத்துக்கொண்டிருந்தன. தானே புயலில் தோப்பை இழந்தவர்கள் கன்று கேட்டு வந்தபடி இருந்தார்கள். பையில் நிரப்பும் மண்ணை மாற்றச் சொல்லிச் சொல்லி மகன் ராஜகணேஷுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"களிமண்ணுதான்டா தண்ணியப் புடிச்சி வெக்கும். எனக்கே பாடம் எடுக்குறியா?" என்பார் பஞ்சநாதம்.

அன்று காலை, கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத சிவப்ரியா, மாமனாரோடும் கணவனோடும் நர்சரியைச் சுற்றிப் பார்க்க வந்தாள். சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் பில் போட்டவள். ஒரு கன்றுக்குச் சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் இறங்காமல் மேலேயே நின்றது.

"மாமா, இப்புடி நின்னா வேரு எப்புடி மூச்சு விடும்? தென்ன நார்த்தூளு கலந்தா ஈரமும் இருக்கும், காத்தும் போவும். எனக்காக ஒருதரம் மாத்திப் பாக்கலாமா?"

புது மருமகள் முதன்முதலாகக் கேட்பதை மறுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. பஞ்சநாதம் மகன் பக்கம் திரும்பினார்.

"பாத்த ஒடனே சொல்லிடிச்சி பாரு. நீயும் இருக்கியே. போயி நார்த்தூளுக்குச் சொல்லிட்டு வா."

"சரிப்பா" என்று ராஜகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் சிவப்ரியா அவனருகே வந்தாள்.

"சொல்லிக் குடுத்தத ஒரு வார்த்த விடாம ஒப்பிச்சிட்டேனா?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப இன்னிக்கு ராத்திரியாவது இந்த வேரு, காத்து, தண்ணிய விட்டுட்டு வேற எதனா பேசுவீங்களா?"