மணலில் இரண்டு கண்கள்

முக்குளிப்புப் பயிற்சியாளர் காற்று சிலிண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா வந்து ஒரு புகைப்படத்தை நீட்டினாள்.

"இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க தம்பி."

"கடலடி மணல்தாம்மா. யாரோ கத்துக்குட்டி கைதவறி அமுக்கியிருக்காங்க" என்று சிரித்தவர், படத்தைத் திருப்பிக் கொடுக்கப்போய் சட்டென்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அடேயப்பா! இதோ ரெண்டு கண்ணு, இதோ வாய். அபூர்வ வகைத் தேள்மீன்மா! கட்டைவிரல் அளவுதான் இருக்கும், மணலோட மணலா படுத்துக்கும். பதினஞ்சு வருஷமா கடல்ல இறங்குறேன், நானே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். எடுத்தவர் சந்தோஷத்துல துள்ளிக் குதிச்சிருப்பாரே! யாரும்மா அவர்?"

"என் வீட்டுக்காரர். அவர் கடைசியா எடுத்த படம் இது. அன்னிக்கு அவர் மேலே வரவே இல்லை."

பயிற்சியாளர் கையிலிருந்த படத்தை மீண்டும் பார்த்தார்.

"பார்க்க ஒண்ணுமே இல்லாத இடத்துல தனியா இறங்கியிருக்கார், அப்போ சாகணும்னேதான் போயிருக்கார்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. நானும் நம்பிட்டேன் தம்பி." அவள் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "என்னை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சுன்னு, மூணு வருஷமா வீட்டுல அவர் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்."