கைமாறிய கிடார்

“ரெண்டு கையாலயும் வாங்கிக்கோங்க மாப்பிள்ளை,” என்று மின்னல் தன் கிடாரை எடுத்து நீட்டினார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

அடுக்களை வாசலில் நின்று மாத்திரைப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவிக்கு, அதே கத்தரிக்கோலைக் கொண்டுபோய் ஆறு தந்திகளையும் நறுக்கிவிடலாமா என்று இருந்தது.

மின்னல் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். நாற்பது வருடம் ராக் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர். கணையத்தில் புற்று, மிஞ்சினால் மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வருகிற சனிக்கிழமை குழுவின் நாற்பதாம் ஆண்டுக் கச்சேரியில் வாசிக்கலாமா? தாராளமாக, உட்கார்ந்து வாசியுங்கள் என்றார் டாக்டர்.

முடியாது என்றவர், இப்போது சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் பாடகர். ஊர் அவரைச் சிங்கம் என்கிறது. அதையும் அவர் நேரில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில், தன் இடத்தில் சிங்கத்தின் மருமகன் கிடாரோடு நிற்பதைப் பார்த்துத்தான் மின்னலுக்கே விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

இப்போது அந்த மருமகனையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், கிடாரும் வேண்டுமாம். மின்னலின் கிடார் மேடையில் இருந்தால் உருக்கமாக இருக்கும் என்று டிவிக்காரர்கள் சொன்னார்களாம்.

“தப்பா எடுத்துக்காதே தங்கச்சி,” என்று சிங்கம் அவள் பக்கம் திரும்பினார். “பதினெட்டாயிரம் பேர் வர்றாங்க. டிவியில நேரடியா காட்டறாங்க. இவன் நடுவுல சாஞ்சுட்டா எல்லாருக்கும் சங்கடம்.”

“ஆஸ்பத்திரியில பதினாறு நாள் சாஞ்சுதான் கிடந்தார். ஒரு எட்டு வந்து பார்க்கறதுக்கும் சங்கடமா இருந்துச்சா அண்ணே?”

“விடும்மா,” என்றார் மின்னல்.

அவள் கத்தரிக்கோலை நறுக்கென்று மூடினாள். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்று வந்து நிற்கிறவனிடம் இந்த மனுஷனுக்கு என்ன குழைவு? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செத்தால் என்ன?

மாப்பிள்ளை கிடாரை மடியில் வைத்து ஒரு தந்தியைச் சுண்டினார். பாவம், வாசிக்கத் தெரிந்தவர்தான், மாமனாருக்குப் பயந்தவர். “பாட்டெல்லாம் ரெக்கார்டைப் போட்டுப் போட்டுத்தான் பழகினேன் சார். மேடையில மத்தவங்க எல்லாரும் உங்க கிடாரைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்பாங்களாமே?”

“ஆமா. இனிமே உங்களதைக் கேட்டுச் சேர்த்துக்குவாங்க. ரெக்கார்டுல என்ன சுருதியோ அதே சுருதியில வச்சிருக்கேன். மாத்தாதீங்க.”

“யார் மாத்தப் போறா?” சிங்கம் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “மத்த பாடகனெல்லாம் வயசாச்சுன்னு எப்பவோ சுருதியை இறக்கிட்டான். நான் இருபத்து மூணு வயசுல பாடின அதே உச்சத்துல, அறுபத்து மூணுலயும் நிக்கறேன். கடைசிப் பாட்டுல உன் பேரைச் சொல்லி அந்த உச்சத்தைப் பிடிக்கறேன்டா. சனம் அழும் பாரு.”

“நாளைக்கு ஒத்திகையில ஒரு தடவை பாடிப் பார்த்துடுங்களேன் மாமா,” என்றார் மாப்பிள்ளை.

“ஒத்திகையில நான் என்னைக்குக் குரலைத் திறந்திருக்கேன்? நான் வாயசைப்பேன், நீங்க வாசிங்க. குரல் சனிக்கிழமைக்கு.”

மின்னல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “நல்லா பாடு. நான் டிவியில பார்க்கறேன்.” வாசல்வரை வந்து, அவர்கள் காரில் ஏறும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார்.

கதவைச் சாத்தியதும் அவள் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குச் சூடு சொரணைன்னு ஒண்ணு இருக்கா? மேடையைப் பிடுங்கிட்டான், கிடாரையும் பிடுங்கிட்டான். நீங்க புதுத் தந்தி மாட்டி, சுருதி வேற சேர்த்துக் கொடுக்கறீங்க. சனிக்கிழமை அந்த உச்சத்தைப் பிடிச்சு, உங்க பேர்ல வர்ற கைதட்டலையும் அவனே வாங்கிட்டுப் போகப் போறான்.”

மின்னல் சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

“அந்த உச்சத்துக்கு அவன் குரல் எட்டாம போய்ப் பத்து வருஷமாச்சு,” என்றார். “தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவானேன்னு, அவனுக்கே தெரியாம சுருதியை ஒண்ணரைக் கட்டை இறக்கி வாசிச்சிட்டிருந்தது நான்தான்.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“இன்னைக்கு ஏத்திக் கொடுத்துட்டேன்.”