யாரும் சாகாத புத்தகம்

“அந்தப் புத்தகத்தையா குடுத்தே? அய்யய்யோ, அதுல பையன் செத்துல்ல போறான்!”

நூலகத்துக்குத் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, கூட வேலை பார்க்கும் அக்கா சொன்னாள். முடிவைச் சொல்லாமல் ஒரு புத்தகத்தையும் அலமாரியில் வைக்கத் தெரியாது அக்காவுக்கு. துப்பறியும் கதை படிக்கிறவர்கள் அவள் இருக்கும் பக்கமே வரமாட்டார்கள்.

கேட்டவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வாசகர்களுக்குப் புத்தகம் தேர்ந்து கொடுப்பது அவள் வேலை. அந்தப் புத்தகத்தைத் தேர்ந்து கொடுத்ததும் அவள்தான்.

ஜன்னலோர நாற்காலியில் அதை வாங்கிய பெரியவர் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். இன்னும் சில தாள்கள்தான் மிச்சம்.

அவரை இங்கே கூட்டி வந்தது அவருடைய மகள். தன் தம்பி சாலை விபத்தில் போனதிலிருந்து அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றாள். கிளம்பும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, யாரும் சாகாத புத்தகமாகப் பார்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டாள்.

மகள் போனதும் இவள் நேரே அறிவியல் புனைகதை அலமாரிக்குப் போனாள். அது அவளுடைய செல்ல அலமாரி. ராக்கெட் கதையெல்லாம் சின்னப் பசங்களுக்கு என்று ஒதுங்குகிறவர்களிடம் அவள் ராக்கெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டாள். அவர்களைப் பேசவிடுவாள். பேசிக்கொண்டே வந்தவர்கள் எந்த இடத்தில் சட்டென்று வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ற புத்தகத்தை எடுத்துக் கொடுப்பாள்.

இவர் வாயே திறக்கவில்லை.

அதனால் சாலையே இல்லாத கதையாகத் தேடினாள்.

ஒரு பையன் தனியாக விண்கலத்தில் தொலைதூரக் கிரகத்துக்குப் போகிறான். அப்பாவுக்குத் தினமும் சேதி அனுப்புகிறான். தூரம் கூடக்கூட ஒவ்வொரு சேதியும் வந்துசேர மாதங்கள் ஆகின்றன, பிறகு வருடங்கள். பையன் சரியான வாயாடி. தண்ணீர் ஊற்றியும் காய்க்காத தக்காளிச் செடியோடு சண்டை போடுகிறான்.

முன்பு அதைச் சிரித்துச் சிரித்துப் படித்திருந்தாள். பாதியில் ஒரு வாசகர் கேட்டு வாங்கிப் போய்விட்டார். மீதியை அவள் படிக்கவே இல்லை. முழுசாகப் படித்தவள்போல எத்தனையோ பேருக்குச் சிபாரிசு மட்டும் செய்துவிட்டாள். இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்கிற தப்பு. பெரும்பாலும் மாட்டிக்கொள்வதில்லை.

போன வாரம் ஒருநாள் அவர் வாய்விட்டுச் சிரித்தார். கூட்டிப்போக வந்திருந்த மகள் அதைக் கேட்டு, அலமாரிகளுக்கு நடுவே நின்று அழுதாள்.

அந்தச் சிரிப்பு இன்றோடு போய்விடும்.

வேறொருவர் கேட்கிறார் என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிவிடலாமா? மூடும் நேரம் என்று விளக்கை அணைக்கலாமா? வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை.

அவர் ஒரு தாளைப் புரட்டினார்.

அவள் எழுந்து போனாள். அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் நிமிரவில்லை. விரல் வரிக்கு அடியில் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

கடைசிக்கு முந்தைய பக்கம்.

விரல் அதன் அடிவரிக்கு வந்தபோது அவள் கை தன்னையறியாமல் புத்தகத்தின் மேல் விழுந்தது. தாளைப் புரட்டவிடாமல் அழுத்திக்கொண்டது.

“வேண்டாம் சார். நான் முழுசாப் படிக்காமக் குடுத்துட்டேன்.”

அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். தாளைப் புரட்டவில்லை. புத்தகத்தை மூடினார்.

பல நாள் புழங்காத குரல் கரகரத்தது.

“கடைசிப் பக்கத்தை முதல் நாளே படிச்சுட்டேம்மா. அதுக்கப்புறம்தான் முதல் பக்கத்துக்கு வந்தேன். இப்படிப் பேசறவன் இன்னொருத்தன் வேற புத்தகத்துல இருந்தா குடுங்க.”