ஆறு இஞ்சுப் பீலி

“அஞ்சு இஞ்சே போதும்னு சொல்றேன்ல,” என்றாள் தம்பி மனைவி.

சொன்னது என் தம்பியிடம். பார்த்தது என்னை.

நான் பின்பக்கக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், எப்போதோ காய்ந்துவிட்ட ஒரே துண்டைத்தான் எடுத்து உதறி உதறித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே நின்றால்தான் பேச்சு காதில் விழும்.

ஏணிமேல் பீலிக்காரர் நின்றார். கூரை ஓரத்தில் விழுகிற மழைத்தண்ணீரை வாங்கிக் கீழே இறக்கும் தகரப் பீலி மாட்டுகிறவர். மழை பெய்தால் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்கிறது என்று தம்பிதான் அவரை வரவழைத்திருந்தான்.

அளவு நாடாவும் கையுமாக வருகிற ஆளை நான் லேசில் நம்பமாட்டேன். நானே தையல்காரி. இரண்டு மீட்டர் போதும் என்கிற இடத்தில் இரண்டரை கேட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கம்.

ஆனால் அன்றைக்கு என் சந்தேகம் அவர்மேல் இல்லை.

அவர் தம்பிக்கு விளக்கியது அரையும் குறையுமாகத்தான் எனக்கு எட்டியது. கூரை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தண்ணீர் வருமாம். அதற்குத் தகுந்த அகலத்தில் பீலி போட வேண்டுமாம். பின்பக்கக் கூரைத் தண்ணீரும் வந்து சேர்ந்தால் அஞ்சு இஞ்சு தாங்காது, வழிந்து சுவரிலேயே அடிக்கும், ஆறு இஞ்சுதான் சரிப்படும் என்றார்.

பின்பக்கம் என்றால் என் அறை.

வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒற்றை அறை. என் கட்டில், என் தையல் மெஷின், என் பிழைப்பு எல்லாம் அதற்குள்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகப்போவதும் இல்லை. இந்த உலகத்தில் என்னுடையது என்று நான் கதவைச் சாத்திக்கொள்ள இருப்பது அந்த ஓர் இடம்தான்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அறை இருந்தால் ஆறு. அறையை இடித்துவிட்டால் அஞ்சு.

இவளோ அஞ்சிலேயே நிற்கிறாள்.

கொஞ்ச நாளாகவே அவள் போக்கு சரியில்லை. நான் சமையலறைக்குள் நுழைந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை முழுங்குகிறார்கள். முந்தின நாள் கேட்காமலேயே டீ போட்டு என் அறைக்குக் கொண்டுவந்தாள். வந்தவள் டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் சுவரையும் அலமாரியையும் ஒரு சுற்று பார்த்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பீலி வேலை முடியும்வரை என்னைத் தங்கை வீட்டில் போய் இருக்கச் சொன்னான் தம்பி. தூசி, தட்டல், உனக்கு ஒத்துக்காது அக்கா என்றான். அதற்கும் இவள்தான் குறுக்கே விழுந்தாள். அண்ணி எங்கேயும் போக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

அறையைப் பிடுங்கிக்கொண்டு, சம்பளமில்லாத ஆளாக என்னை அடுப்படியில் சுருண்டு படுக்கவைக்கிற திட்டம். நான் என்ன நேற்றுப் பிறந்தவளா?

“ஆறே போட்டுடுங்க,” என்றான் தம்பி, பீலிக்காரரிடம். பெண்டாட்டி பக்கம் திரும்பக்கூட இல்லை.

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் கூடப்பிறந்தவன்தான். அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திகட்டவே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் நானே வலியப் போய்த் தம்பியிடம் சொன்னேன், வேலை முடிகிற வரைக்கும் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று. இன்றைக்கே கிளம்புகிறாயா அக்கா என்றான். தையல் மெஷினைப் பின்னாலேயே அனுப்பிவைப்பதாகவும் சொன்னான். என் தொழில் கெட்டுவிடக் கூடாது என்று எவ்வளவு அக்கறை! வண்டி பிடிக்க அவனே தெருமுனைக்கு ஓடினான்.

துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தம்பி மனைவி பின்னாலேயே வந்து பையின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள் அண்ணி என்று முணுமுணுத்தாள்.

எனக்காக யோசிக்க என் தம்பி இருக்கிறான் என்றேன்.

பீலிக்காரர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு உறைக்கட்டும் என்றே அவரிடம் குரலை உயர்த்திக் கேட்டேன், சிலபேர் பேச்சைக் கேட்டு அஞ்சு இஞ்சு போட்டிருந்தால் என் அறைக் கூரைத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று.

அவர் குழப்பமாக என்னைப் பார்த்தார்.

“உங்க ரூமையும் சேர்த்தே அஞ்சு தாராளமா தாங்கும்மா. அதை இடிச்சிட்டு கார் ஷெட் போடப்போறாரே சார், அந்தப் பெரிய கூரைக்குத்தான் ஆறு.”

ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

பையின் ஒரு பிடி இன்னும் தம்பி மனைவியின் கையில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

தெருவிலிருந்து தம்பி கூப்பிட்டான், வண்டி வந்துவிட்டது அக்கா என்று. எப்போதும்போல அன்பாகத்தான் கூப்பிட்டான்.